பவானேஸ்வரியின் பீச்சாங்கை

முதல்லயே சொல்லிடறேன், பவானி பாஸாயிட்டா. இல்லன்னா இதைச் சொல்ல எனக்கு வாய் வந்திருக்காது. மூணு வாரம் நெஞ்சுல கல்லை வச்சுக்கிட்டு வண்டி ஓட்டினவ நான். இப்பதான் அதை இறக்கி வச்சிருக்கேன். அதனால கொஞ்சம் இழுத்துத்தான் சொல்லுவேன், அவசரக்காரங்க அப்புறமா வாங்க.

என் பேரு உஷாராணி. மலாக்கா டவுன்ல பேங்க் மெஷினுக்குப் பணம் கொண்டு போற வேனை ஓட்டுறேன். நானும் பவானியும் போலிஸ் பந்துவான், அதாவது கம்பெனிகிட்ட சம்பளம் வாங்கிக்கிட்டு சீருடையும் துப்பாக்கியும் போட்டிருக்கிற துணைப் போலீஸ். நான் ஸ்டேரிங்கை விட்டு எறங்க மாட்டேன். பவானிதான் எறங்கி, பை உள்ள போற வரைக்கும் வாசல்ல காவல் நிப்பா.

பவானேஸ்வரிக்கு நாப்பத்திரெண்டு வயசு. மெர்லிமாவ் பக்கத்து எஸ்டேட்ல பொறந்தவ, இப்ப வீடு புக்கிட் பெருவாங்ல. வீட்டுக்காரர் கணேஸ்வரன் ஃபேக்டரியில ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுறாரு. ஒரே மக ஷாந்தினி, இந்த வருஷம் பள்ளிக்கூடக் கடைசிப் பரீட்சை எஸ்பிஎம் எழுதப் போறா. பவானி மாதிரி ஒரு பொம்பளைய நான் பார்த்ததில்ல. காலை மிதிச்சவன்கிட்டயே இவ சாரி சொல்லுவா. ஆனா சீருடையப் போட்டு பெல்ட்டை இறுக்கிட்டா ஆளே வேற. பேங்க் வாசல்ல அவ நிக்கிற நிப்பைப் பார்த்து, மோட்டார்ல வர்ற பசங்க தானா ஒதுங்கிப் போவானுங்க.

வருஷத்துக்கு ஒரு தடவை எங்களுக்கு சுடுற டெஸ்ட் உண்டு. இருபது தோட்டா, அதுல குறைஞ்சது பதினாலு, வட்டத்துக்குள்ள விழணும். பதினோரு வருஷமா பவானி விழுந்து எழுந்து பாஸாயிட்டே வந்தா. அதெல்லாம் பழைய ரிவால்வர், மெதுவாத்தான் உதைக்கும். போன டிசம்பர்ல கம்பெனி அதையெல்லாம் வாங்கி உள்ள வச்சிட்டு, ஆளுக்கொரு புது பிஸ்டல் குடுத்துச்சு. பிஸ்டல் கழுதை மாதிரி உதைச்சுது. பவானிக்கு ஒம்பதுதான் விழுந்துச்சு.

ஒம்பது. அதுல ரெண்டு தடவை பிஸ்டல் பாதியில சிக்கி நின்னும் போச்சு. பிடிக்கிற கை தளர்ந்து போனா தோட்டாக்கூடு சரியா வெளிய வராதாம். எனக்குப் பதினஞ்சு. நானும் ஒண்ணும் பெரிய கெட்டிக்காரி இல்லலா, தப்பிச்சேன், அவ்வளவுதான்.

ஆபீஸ்ல கூப்பிட்டு மரியாதையாத்தான் சொன்னாங்க. மூணு வாரத்துல இன்னொரு தடவை சுடலாம். அதுலயும் போச்சுன்னா துப்பாக்கியத் திருப்பிக் குடுக்கணும். துப்பாக்கி இல்லாத வேலை எங்க கம்பெனிக்கு மலாக்காவுல கிடையாது. பக்கத்து மாநிலம் ஜோகூர்ல கடலோரமா ஒரு கிடங்கு வாசல் காவல் இருக்கு, அங்க போய் லாரி நம்பர் எழுதலாம். வாரத்துக்கு ஒரு நாள் வீடு. இல்ல, வேலைய விட்டுடலாம்.

பவானி சரி சார்னு சொல்லிட்டு வந்து வேன்ல உட்கார்ந்தா. நான் ஸ்டார்ட் பண்ணல.

"வீட்ல சொல்லப் போறியா?"

"வேணாங்க்கா. ஷாந்தினி பரீட்சைக்குப் படிக்கிறா. நான் ஜோகூர் போயிட்டா அவளை யாரு பார்ப்பா? அவங்கப்பாவுக்கு வாரம் மாத்தி வாரம் நைட் ஷிஃப்ட்."

"அம்மாகிட்ட?"

அவ சீட்டு பெல்ட்டை மாட்டிக்கிட்டா. அவங்கம்மா வேலாயி இன்னும் மெர்லிமாவ்லதான் இருக்காங்க. பாசார்ல மீன்காரன்கிட்டகூட "எம் மக போலீசு"ன்னு சொல்லித்தான் பேரம் பேசுவாங்க. அந்தம்மாகிட்ட போய், உன் மகளுக்குத் துப்பாக்கி பிடிக்கத் தெரியலயாம்னு யாரு சொல்றது? எனக்கு யார் மேல கோபம்னே தெரியல. அந்தக் கோபத்துல ஹாரனை ஒரு அழுத்து அழுத்தினேன். முன்னால நின்ன பூனைதான் ஓடுச்சு.

எங்களுக்குச் சுடச் சொல்லித் தர்றது சார்ஜன் ஹலிம். நல்ல மனுஷன், தொண்டைதான் பெருசு. பவானி சுடும்போதெல்லாம் பின்னால நின்னு "பெகாங் குவாட்"னு கத்துவாரு. இறுக்கிப் பிடின்னு அர்த்தம். அவ இன்னும் இறுக்குவா. இறுக்க இறுக்கக் கை நடுங்கும், தோட்டா கீழ போகும், அடுத்தது வானத்துக்குப் போகும். டெஸ்ட் அன்னிக்கு அவ சுட்டதை அவரே போன்ல படம் பிடிச்சு, பார்த்துத் திருத்திக்கோன்னு அவளுக்கு வாட்சாப்ல அனுப்பி வச்சாரு. அவ எனக்கு அனுப்பினா. நான் ஒரு நூறு தடவை பார்த்திருப்பேன். துப்பாக்கி எகிறுறது தெரியுது, ஏன் எகிறுதுன்னு தெரியல.

அதுக்கப்புறம் வந்த வெள்ளிக்கிழமை, வேலை முடிஞ்சு ரெண்டு பேரும் புக்கிட் பெருவாங்ல வழக்கமாப் போற அம்மன் கோயிலுக்குப் போனோம். பவானி கண்ணை மூடிக்கிட்டு நின்னா. என்ன வேண்டினான்னு கேட்கவே வேணாம். ஐயர் தீர்த்தம் கொண்டு வந்தாரு. அவ கையை நீட்டினா. இடது உள்ளங்கைய கீழ வச்சு, அது மேல வலது கைய வச்சு, லேசாக் குழிச்சு, பணிவா.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. அந்தக் கையை நான் போன்ல நூறு தடவை பார்த்திருக்கேனே.

"அம்மா, தீர்த்தம்"னு ஐயர் என் முன்னால நின்னு ரெண்டு தடவை கூப்பிட்டிருக்காரு. நான் வாங்காமலே போனைத் தேடிக்கிட்டு வெளிய ஓடினேன். செருப்பு வைக்கிற இடத்துல நின்னு படத்தை ஓட்டி, கை தெரியிற இடத்துல நிறுத்தி, பின்னாலயே ஓடி வந்த பவானிகிட்ட காட்டினேன்.

"பாருடி. நீ சுடலடி. தீர்த்தம் வாங்குற."

அவளும் குனிஞ்சு பார்த்தா. வலது கை துப்பாக்கியப் பிடிச்சிருக்கு. இடது கை அதுக்குக் கீழ விரிஞ்சு, தட்டு மாதிரி ஏந்திக்கிட்டு இருக்கு. தீர்த்தத்துக்கு அது சரி, தண்ணி கீழதானே வரும். துப்பாக்கி மேல எகிறுது. எகிறும்போது கீழ இருக்கிற கை என்ன பண்ணும்? அது பாட்டுக்குப் பார்த்துக்கிட்டு இருக்கும். வலது கை மட்டும் தனியாக் கெடந்து மல்லுக்கட்டும்.

பவானி அவ கையையே பார்த்துக்கிட்டு நின்னா. "நான் தாங்கிப் பிடிக்கிறேன்னுதான் நெனச்சேன்"னா. பாவம், அவ யார்கிட்ட எதை வாங்கினாலும் அப்படித்தான் வாங்குவா. சம்பளச் சீட்டு வாங்கினாலும் அப்படித்தான், சாவி வாங்கினாலும் அப்படித்தான். அது மரியாதை. துப்பாக்கிக்கும் அதே மரியாதையக் குடுத்துட்டா.

திங்கக்கிழமை காலையிலயே சார்ஜன்கிட்ட படத்தைக் காட்டினேன். அவரு நெத்தியில அடிச்சுக்கிட்டாரு. நான் வலது கையை மட்டும்தான் பார்த்தேன், தப்பு என்னோடதுன்னு அவரே சொன்னாரு. அப்புறம் தோட்டா எடுத்துட்ட பிஸ்டலை வச்சு மெதுவாப் பிடிச்சுக் காட்டினாரு. வலது கை எவ்வளவு மேல ஏறிப் பிடிக்க முடியுமோ அவ்வளவு மேல. இடது உள்ளங்கை கீழ இல்ல, பக்கவாட்டுல, பிடியில வலது கை மூடாம விட்ட காலி இடத்துல ஒட்டணும். இடது விரல் நாலும் வலது விரல் மேல சுத்தி இறுகணும். ரெண்டு கட்டை விரலும் முன்னால பார்த்து நிக்கணும். அதுக்கப்புறம் சொன்னாரு பாருங்க, வலது கைக்கு நாப்பது பங்கு, இடது கைக்கு அறுபதுன்னு. வலது கை இறுக்கினா டிரிகர் விரலும் சேர்ந்து இறுகிப் போகும். உதையத் தாங்க வேண்டியது இடது கை.

"இடது கைக்கா அறுபது?"ன்னு பவானி கேட்டா. ஏதோ கெட்ட வார்த்தையக் கேட்ட மாதிரி இருந்துச்சு அவ முகம்.

எனக்கு அப்ப ஒண்ணும் புரியல. மத்தியானம் வேனை நிழல்ல நிறுத்திட்டு சாப்பிட உட்கார்ந்தோம். நான் கொண்டு வந்த ஊறுகாய் பாட்டில் மூடி திறக்கவே மாட்டேன்னுது. துணி வச்சுப் பார்த்தேன், சீட்டு ஓரத்துல தட்டிப் பார்த்தேன், அசையல. பவானி என் கையில இருந்து வாங்கினா. இடது கையால ஒரே திருகு. மூடி வந்துடுச்சு.

நான் சோத்தை விட்டுட்டு அவளைப் பார்த்தேன். "ஏய், நீ பீச்சாங்கைக்காரியாடி?"

அவ பாட்டிலைக் கீழ வச்சா. யாரும் பார்க்கலயேன்னு வெளிய ஒரு பார்வை பார்த்தா, என்னமோ திருடின மாதிரி. அப்புறம்தான் சொன்னா. சின்ன வயசுல எல்லாம் இடது கைதான். சாப்பிடுறதும் அதுதான், சிலேட்டுல எழுதுறதும் அதுதான். எஸ்டேட் லயத்து வரிசை வீடுகள்ல பார்க்கிறவங்க எல்லாம் பேச ஆரம்பிச்சுட்டாங்க. பொம்பளப் பிள்ளை பந்தியில பீச்சாங்கையால சோறு தின்னா யாரு கட்டிக்குவான்னு. அவளுக்கு ஆறு வயசு. வேலாயி அம்மா ஒரு பழைய துண்டைக் கிழிச்சு, சாப்பாட்டு நேரம் வந்தா மகளோட இடது கையை இடுப்போட சேர்த்துக் கட்டி விடுவாங்களாம். ஒரு வருஷம் அப்படி. அதுக்கப்புறம் கட்டாமலே அந்தக் கை எறங்கி அடங்கி இருக்கப் பழகிக்கிச்சு.

"வீட்ல வெங்காயம் மட்டும் அந்தக் கையாலதான் நறுக்குவேன், யாரும் இல்லாதப்ப"ன்னு சொல்லிட்டு சிரிச்சா.

எனக்குச் சிரிப்பு வரல. நல்லா வேலை செய்யிற கையைக் கட்டிப் போட்டுட்டு, நோஞ்சான் கையை வச்சு பதினோரு வருஷம் சுட்டிருக்கா இவ.

"அப்ப இடது கையாலயே சுட்டுத் தொலையேன்"னேன்.

"துப்பாக்கி உறை வலது பக்கம்க்கா. பழகினதெல்லாம் வலது. ரெண்டு வாரத்துல அதை மாத்த முடியாது."

"அறுபது பங்கு குடுக்க முடியும்ல?"

அவ இடது கையை மூடி மூடித் திறந்துக்கிட்டு இருந்தா.

துப்பாக்கிய வீட்டுக்குக் கொண்டு போக முடியாது. ஷிஃப்ட் முடிஞ்சதும் எண்ணிப் பூட்டிடுவாங்க. எதை வச்சுப் பழகுறது? எனக்கு என் தம்பி காளிமுத்து ஞாபகம் வந்துச்சு. மெர்லிமாவ் போற ரோட்டுல கார் கழுவுற கடை வச்சிருக்கான். அங்க வேகமாத் தண்ணி பாய்ச்சுற கன் ஒண்ணு இருக்கு. அழுத்தினா பின்னால தள்ளும், மூக்கு மேல தூக்கும். துப்பாக்கி உதை மாதிரியே இல்லன்னாலும், எந்தக் கை தூங்குதுன்னு காட்டிக் குடுத்துடும்.

ஞாயித்துக்கிழமை காலையில போனோம். காளிமுத்து ஒரு வெள்ளை மைவி காரைக் கழுவி முடிச்சு, உள்ள காயட்டும்னு கண்ணாடிய எறக்கி வச்சிருந்தான். எதுக்க சுவத்துல சாக்கட்டியில ஒரு வட்டம் போட்டுக் குடுத்தேன். பவானி கன்னை வாங்கினா, பழக்க தோஷத்துல இடது கை கீழ போச்சு, அழுத்தினா. தண்ணி வட்டத்தை விட்டு ஏறி, சுவத்தை விட்டு ஏறி, கூரைத் தகரத்துல அடிச்சு, திரும்பி வந்து மைவிக்குள்ள கொட்டுச்சு.

"அக்கா, அது நம்ம ஆளுங்க காரு இல்லக்கா, டீச்சர் காரு"ன்னான் காளிமுத்து. டீச்சர் பக்கத்துக் கடையில ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. அவங்க வந்து சேர்றதுக்குள்ள நாங்க மூணு பேரும் சேர்ந்து துடைச்ச துடை இருக்கே, அந்தக் கார் வாங்கின அன்னிக்குக்கூட அவ்வளவு சுத்தமா இருந்திருக்காது.

அப்புறம் நான் அவ இடது கையைப் பிடிச்சு, சார்ஜன் காட்டின மாதிரி பக்கவாட்டுல ஒட்டி வச்சேன். "ஈரத் துணிய எப்படிப் பிழிவ? அப்படிப் பிடி. வலது கை சும்மா கூட இருந்தா போதும்."

முதல்ல வெட்கப்பட்டா. இடது கையால இறுக்கும்போதெல்லாம் வலது கையும் கூடவே இறுகும். விடுடி, விடுடின்னு நான் வலது கை மேல தட்டிக்கிட்டே இருந்தேன். ஒரு அரை மணி நேரம் கழிச்சு ஒரு தடவை அழுத்தினா பாருங்க, தண்ணி நேராப் போய் வட்டத்துக்குள்ள அடிச்சுது. அங்கயே நின்னுச்சு. சாக்கட்டிக் கோடு கரைஞ்சு ஓடுற வரைக்கும் அசையல. காளிமுத்து வேற வட்டம் போட்டுக் குடுத்தான். அதையும் கரைச்சா.

ரெண்டு ஞாயிறு இப்படிப் போச்சு. நடுவுல சார்ஜன் ஒரு நாள் பத்து தோட்டா குடுத்துப் பார்த்தாரு, எட்டு உள்ள விழுந்துச்சு. நான் அன்னிக்கே மொட்டை போடுறேன்னு வேண்டிக்கலாம்னு இருந்தேன். நல்லவேளை, வேண்டிக்கல.

பொங்கலுக்கு முந்தின வாரம் வியாழக்கிழமை, ரெண்டாவது டெஸ்ட். வேனை ஓட்டிக் கொண்டு போய் விடுறேன்னு நானும் போனேன். பின்னால ஒரு பெஞ்சுல உட்காரலாம், வாயைத் திறக்கக்கூடாது. எனக்கு அது எவ்வளவு பெரிய தண்டனைன்னு என்னைத் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்.

அன்னிக்கு மதிப்பெண் போட வேற ஒரு ஆபீசர் வந்திருந்தாரு. நரைச்ச மீசை, சிரிக்காத மூஞ்சி. அவரே பிஸ்டலை எடுத்துப் பவானிகிட்ட நீட்டினாரு. அங்கதான் வந்துச்சு வினை. பெரிய ஆள் நீட்டுறாரு, இவ என்ன பண்ணுவா? வலது கையை நீட்டி, இடது கையை அதுக்குக் கீழ குடுத்து, தலையக் குனிஞ்சு வாங்கினா. வாங்கின கை வாங்கினபடியே நின்னுச்சு. அப்படியே திரும்பி, அப்படியே தூக்கி, அஞ்சு தோட்டா சுட்டுட்டா.

ரெண்டுதான் உள்ள. மூணு வெளிய போனதை மண்மேட்டுல தூசி கிளம்பினதை வச்சே நான் பார்த்துட்டேன். இனி பதினஞ்சுல பன்னெண்டு விழுந்தாகணும். பெஞ்சு விளிம்பைப் பிடிச்சுக்கிட்டு, எனக்குத் தெரிஞ்ச சாமி பேரெல்லாம் உள்ளுக்குள்ள சொன்னேன். கத்தினா அவளை வெளிய அனுப்பிடுவாங்க.

அடுத்த அஞ்சுக்கு விசில் அடிச்சாங்க. பவானி சுடல. துப்பாக்கிய முன்னால சாய்ச்சு, தரையப் பார்க்க எறக்கினா. இடது கையை எடுத்தா. கால்சட்டையில உள்ளங்கைய நல்லாத் துடைச்சா. துடைச்சிட்டு அந்தக் கையை ஒரு தடவை பார்த்தா. அந்த மீசைக்காரரு மணியப் பார்த்தாரு.

அப்புறம் அந்தக் கை மேல ஏறிச்சு. பக்கவாட்டுல போய் ஒட்டி, விரல் சுத்தி, இறுகிச்சு. பின்னால இருந்தே எனக்கு அவ தோள் மாறினது தெரிஞ்சுது. சுட்டா. துப்பாக்கி லேசாத் தலையத் தூக்கி, அதே இடத்துக்கு வந்து நின்னுச்சு. மறுபடியும் சுட்டா, மறுபடியும் அதே இடம். ஒரு தடவைகூடச் சிக்கல. பதினஞ்சும் முடிஞ்சப்ப அவ துப்பாக்கிய எறக்கி வச்சிட்டு அசையாம நின்னா.

சார்ஜன் ஹலிமும் அந்த ஆபீசரும் டார்கெட்டுக்கு நடந்து போனாங்க. இருபத்தஞ்சு மீட்டர்கூட இல்ல, அதுக்கு அவங்க நடந்த நடையில நான் மலாக்காவுல இருந்து சிங்கப்பூருக்கே போயிட்டு வந்திருப்பேன். விரல் வச்சு எண்ணினாங்க. திரும்ப எண்ணினாங்க. வந்து தாள்ல எழுதினாங்க.

"லிமா பெலாஸ்"னாரு மீசை. பதினஞ்சு. "லூலுஸ்."

பாஸ். எனக்கு அப்பாடான்னு ஒரு மூச்சு வந்துச்சு, அது கூடவே அழுகையும் வந்துடுச்சு. பவானி அழல. சார்ஜன் சிரிச்சுக்கிட்டே கை நீட்டினாரு, இவ பதட்டத்துல இடது கையக் குடுத்துட்டு நாக்கைக் கடிச்சுக்கிட்டா. அவரு அதையே பிடிச்சுக் குலுக்கினாரு. வேன்ல வந்து உட்கார்ந்தோம். நான் தண்ணி பாட்டில் குடுத்தேன். பாதி குடிச்சா, பாதிய சட்டையில ஊத்திக்கிட்டா. "ஜோகூர் போக வேணாம்ல உஷாக்கா?"ன்னு மூணு தடவை கேட்டா. "போக வேணாம்டி, வீட்டுக்குப் போ"ன்னு மூணு தடவையும் சொன்னேன். அன்னிக்கு சாயங்காலம்தான் வீட்ல எல்லாத்தையும் சொன்னாளாம். கணேஸ்வரன் எனக்கு போன் பண்ணி நன்றி சொன்னாரு, ஏன் முன்னாலயே சொல்லலன்னு ரெண்டு வார்த்தை ஏசவும் ஏசினாரு. வாங்கிக்கிட்டேன்.

பொங்கல் அன்னிக்கு பவானி குடும்பத்தோட என்னையும் மெர்லிமாவுக்குக் கூப்பிட்டிருந்தாங்க. போனோம். வேலாயி அம்மா வாசல்லயே அடுப்பு வச்சுப் பொங்கி முடிச்சிருந்தாங்க. சும்மா இருக்க என்னால முடியுமா? அந்தம்மாகிட்ட முழுக் கதையும் சொல்லிட்டேன். கட்டிப் போட்ட கைதான் உங்க மக வேலையக் காப்பாத்துச்சுன்னும் சொல்லிட்டேன். சொன்னப்புறம்தான் பவானி என்னை முறைக்கிறது தெரிஞ்சுது. எனக்கு வாய் கொஞ்சம் கூடுதல்தான், ஒத்துக்கறேன்.

அந்தம்மா அகப்பையில சக்கரைப் பொங்கலைக் கோரி எனக்கு ஒரு இலைத் துண்டுல வச்சாங்க, மாப்பிள்ளைக்கு வச்சாங்க, பேத்திக்கு வச்சாங்க. கடைசியா மககிட்ட வந்தாங்க. பவானி வழக்கம்போல வலது கையை மேல வச்சு நீட்டினா.

வேலாயி அம்மா அந்த வலது கையைப் பிடிச்சு மெல்ல ஒதுக்கினாங்க. கீழ இருந்த இடது கையைத் திருப்பிப் பார்த்தாங்க. உள்ளங்கையில ரெண்டு இடம் காப்புக் காய்ச்சிருந்துச்சு. கட்டை விரலால அதைத் தடவிப் பார்த்தாங்க.

"கை கழுவினியா?"

"கழுவிட்டேம்மா."

அந்தம்மா இடது கையிலயே சூடாப் பொங்கலை வச்சாங்க. "தின்னு"ன்னாங்க. அவ சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் அங்கயே நின்னாங்க.